உள்வீட்டுச் சொற்கள்

ஜூன் 3, செவ்வாய்

வேலைக்குச் சேர்ந்தாயிற்று. ஒரகடம் சாலையில் உயர உயரமாகக் கட்டியிருக்கிறார்களே, அந்தக் குடியிருப்பில் ஒன்பதாவது மாடி. ஜப்பான்காரர் வீடு. புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர். சார் பெயர் கிஜிமா, கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் இன்ஜினியர். மேடம் பெயர் யூகோ. காலையில் ஒரு நேரம், சாயங்காலம் ஒரு நேரம் போக வேண்டும். பாத்திரம், துணி, பெருக்கித் துடைப்பது, காய் நறுக்கிக் கொடுப்பது.

ஏழாவது மாடியில் வேலை செய்யும் பேபி அக்காதான் சேர்த்துவிட்டாள். புது ஆட்களிடம் நான் பேசமாட்டேன் என்பதை மேடத்துக்குப் புரியவைக்க, அக்கா தன் வாயைக் கையால் பொத்திக் காட்டினாள். மேடம் என்ன நினைத்தாரோ, அவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"இதுவும் ஊமக்கோட்டான்தான் போல. ரெண்டு பேருக்கும் நல்லா ஒத்துப்போவும்" என்றாள் பேபி அக்கா, மேடத்தைப் பார்த்துச் சிரித்தபடியே.

என் முழுப்பெயர் கோகிலவாணி. மேடத்துக்கு அது 'கோகிரா' வரைதான் வந்தது. போதும்.

ஏன் படிக்கவில்லை என்று லிஃப்டில் ஒரு பாட்டியம்மா கேட்டார். பஸ் நேரம் ஒத்துவரவில்லை என்று பேபி அக்கா எனக்காகச் சொன்னாள். நான்தான் அவளிடம் அப்படிச் சொல்லியிருந்தேன்.

ஜூன் 5, வியாழன்

காலை ஏழு மணிக்குக் கம்பெனி வண்டி வருகிறது. சார் கதவோரம் உட்கார்ந்து ஷூ மாட்டுகிறார். எழுந்து, உள்பக்கம் திரும்பி ஒரு வார்த்தை சொல்கிறார். மேடம் எங்கே இருந்தாலும், கை ஈரமாக இருந்தாலும், கதவு வரை வந்து ஒரு வார்த்தை சொல்கிறார். நேற்றும் அதே இரண்டு வார்த்தைகள், இன்றும் அதே. அதில் சேதி ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் சொல்லாமல் கதவு மூடப்படுவதில்லை.

சாயங்காலம் அவர் வரும்போது வேறு இரண்டு வார்த்தைகள்.

ஜூன் 9, திங்கள்

மேடத்தின் போனில் ஜப்பான் மொழியில் பேசினால் தமிழில் எழுதிக் காட்டுகிறது. நான் தமிழில் தட்டினால் அவர் மொழியில் வருகிறது. பேச வேண்டியதில்லை என்பதால் எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது. பல நேரம் உளறும். வேலை முடிந்து நான் கிளம்பும்போது மேடம் தினமும் 'ஒத்சுகரேசமா' என்பார். அது என்னவென்று கேட்டுத் தட்டினேன். 'நீங்கள் களைத்த மனிதர்' என்று வந்தது. அவ்வளவு மோசமாகவா தெரிகிறேன் என்று லிஃப்ட் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன். நாளாக ஆகத்தான் புரிகிறது, உழைத்துவிட்டுப் போகிற ஆளுக்குச் சொல்லும் மரியாதை அது. நம்மிடம் இதற்கு வார்த்தை இல்லை. கூலி வாங்கும்போதுகூட யாரும் எதுவும் சொல்வதில்லை.

இன்று தைரியமாகக் காலை வார்த்தைகளையும் கேட்டுவிட்டேன். சார் சொல்வது 'இத்தெகிமாஸ்'. போனில் வந்த தமிழ்: 'நான் போய் வருகிறேன்'.

இரண்டு முறை படித்தேன். போன் தானாகச் சேர்த்துக்கொண்டதோ என்று மேடத்திடம் விரலால் நடந்து காட்டினேன். அவர் தலையாட்டி, என் விரலைப் பிடித்து, நடந்து போன வழியே திரும்பி வரவைத்தார். போவது, வருவது, இரண்டும் அந்த ஒரே வார்த்தைக்குள் இருக்கிறதாம். கடல் தாண்டி அத்தனை தூரத்தில் இருப்பவர்களுக்கும் வெறுமனே 'போகிறேன்' என்று சொல்ல மனம் வரவில்லை.

மேடம் பதிலுக்குச் சொல்வது 'இத்தெராஷ்ஷாய்'. போய் வாருங்கள்.

ஜூன் 14, சனி

எங்கள் வீட்டை இன்று கவனித்தேன். அப்பாவுக்கு ஒரு கிடங்கில் இரவுக் காவல். கிளம்பும்போது சைக்கிளைப் பிடித்தபடி "வரேன்" என்றார். அம்மா குழம்பைக் கிளறியபடி, திரும்பாமல், "ம்" என்றாள். அந்த 'ம்'தான் எங்கள் வீட்டு இத்தெராஷ்ஷாய்.

போன வாரம் இருவருக்கும் சண்டை. அன்று அப்பா "வரேன்" என்றும் அம்மாவிடமிருந்து சத்தமில்லை. அப்பா போகவில்லை. சைக்கிள் மணியைத் துடைத்தார். காற்று இருக்கிறதா என்று டயரை அமுக்கினார். மறுபடியும் "வரேன்" என்றார். அம்மா "ம்" என்றதும் ஏறி மிதித்துப் போய்விட்டார். அன்று எனக்கு அது சிரிப்பாக இருந்தது.

ஜூன் 20, வெள்ளி

புதிதாக ஒன்று கண்டுபிடித்தேன். இவர்களிடம் வீட்டாளுக்குச் சொல்லும் வார்த்தை வேறு, வெளியாளுக்குச் சொல்வது வேறு. காலையில் 'ஒஹாயோ' எல்லோருக்கும் உண்டு. சாருக்கும் உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் மதியத்துக்கு மேல் சொல்கிற 'கொன்னிச்சிவா' வெளியாளுக்கு மட்டும்தான். லிஃப்ட் துடைப்பவருக்குச் சொல்கிறார், கீழே பால் கொடுப்பவருக்குச் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை சார் பகல் முழுக்க வீட்டில் இருந்தபோது ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

சாயங்காலம் நான் உள்ளே நுழைந்தால் எனக்கு 'கொன்னிச்சிவா' கிடைக்கிறது. சரிதான். நான் வெளியாள்.

ஜூன் 21, சனி

முருங்கைக்கீரை அடை கொண்டுபோனேன். மேடம் கைகூப்பி 'இதாடகிமாஸ்' சொல்லிவிட்டுத்தான் பிய்த்தார். பெற்றுக்கொள்கிறேன் என்று அர்த்தம். யாரிடமிருந்து என்று கேட்டதற்குப் போன் நீளமாக உளறியது. கீரை, மரம், சுட்ட கை எல்லாம் அதில் வந்தன. அம்மாவிடம் சொன்னேன். "அடைய கும்புட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு, இன்னும் நாலு சுட்டுத் தரவா என்றாள்.

ஜூன் 27, வெள்ளி

மேடம் கறிவேப்பிலை வாங்கக் கீழே அனுப்பினார். திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது அடுப்படியிலிருந்து குரல் கேட்டது. "ஒகாயெரி."

அது சார் சாயங்காலம் வந்ததும் மேடம் சொல்லும் வார்த்தை. சார் 'தடாய்மா' என்பார். போனைக் கேட்டால் அதற்கு 'இப்போதுதான்' என்று மட்டும் காட்டுகிறது. நாம் 'இப்பத்தான் வரேன்' என்பதில்லையா, அது மாதிரி. அதற்கு மேடத்தின் பதில் ஒகாயெரி. வந்துட்டியா என்று அம்மா கேட்பாளே, அது. வந்தது கண்ணுக்குத் தெரிந்தும் கேட்கிற கேள்வி.

சாருக்குச் சொல்வதை எனக்குச் சொல்லிவிட்டார். நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். வார்த்தை தெரியும். தொண்டை வரைக்கும் வந்தது. கறிவேப்பிலையை மேடை மேல் வைத்துவிட்டு, துடைத்த இடத்தையே துடைத்தேன்.

பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான். பேர் கூப்பிட்டால் 'உள்ளேன் அம்மா' சொல்ல வேண்டும். நான் எழுந்து நிற்பேன், வாய் வராது. "குயில் இன்னைக்குக் கூவலியா?" என்பார் டீச்சர். வகுப்பே சிரிக்கும். வகுப்பில் உட்கார்ந்துகொண்டே பல நாள் வராதவளாக இருந்திருக்கிறேன்.

ஜூலை 2, புதன்

மேடத்துக்குச் சோறு கொதிக்கிற வாசனை ஆகவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எலுமிச்சம்பழத்தை முகர்ந்து பார்க்கிறார். மூன்றாவது அறையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி வந்து இறங்கியிருக்கிறது. அதன்மேல் கம்பி வைத்த சின்னக் கட்டில் படம். மஞ்சள் கம்பளி நூலில் விரல் நீளத்துக்கு ஒரு காலுறை பின்னிக்கொண்டிருக்கிறார். இந்த வெயிலில் கம்பளி எதற்கு என்று தட்டினேன். 'டிசம்பரில் ஜப்பானில் குளிர்' என்று வந்தது.

சார் இப்போது இத்தெகிமாஸை இரண்டு முறை சொல்கிறார். ஒன்று மேடத்தைப் பார்த்து, இன்னொன்று குனிந்து, அவர் வயிற்றைப் பார்த்து. நான் தண்ணீர்க் குழாயை வேகமாகத் திறந்துவிட்டேன். கேட்டதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது.

ஜூலை 11, வெள்ளி

மேடம் ஆஸ்பத்திரியில் இருந்து வந்துவிட்டார். காய்ச்சல் என்று சார் போனில் காட்டினார். நானும் காய்ச்சல் என்றே எழுதுகிறேன்.

அம்மா கேட்டாள், "மாசமா இருந்தவதான? இன்னாடி ஆச்சு?" காய்ச்சல் என்றேன். அம்மா என்னைப் பார்த்துவிட்டு வேறெதுவும் கேட்கவில்லை.

ஜூலை 14, திங்கள்

மூன்றாவது அறையைப் பெருக்கப் போனேன். வேண்டாம் என்று மேடம் கையைக் காட்டினார். அறை பூட்டியிருக்கிறது.

குப்பைக்கூடையில் பின்னல் ஊசிகள் கிடந்தன.

ஜூலை 18, வெள்ளி

ஒஹாயோ: மேடம் சொல்லவில்லை. என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.
இதாடகிமாஸ்: கைகூப்பினார், சத்தம் இல்லை.
இத்தெகிமாஸ்: சார் சொன்னார், கதவைப் பார்த்துக்கொண்டு.
இத்தெராஷ்ஷாய்: கதவு மூடிய பிறகு வந்தது. மெதுவாக.

ஜூலை 24, வியாழன்

சார் இன்று ஒன்றும் சொல்லாமல் போனார். ஷூ கயிற்றைக் கட்ட வெகுநேரம் எடுத்துக்கொண்டார். மேடம் அறைக்குள் இருந்தார். அப்பா சைக்கிள் மணியைத் துடைத்தது நினைவுக்கு வந்தது. ஆனால் அப்பாவைப் போல இவருக்கு இரண்டாவது முறை கேட்கத் தெரியவில்லை. வண்டி கீழே ஹாரன் அடித்தது, போய்விட்டார்.

மேடம் வெளியே வந்து, சார் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தபடி நின்றார்.

இவர்கள் சண்டை போடுவதே இல்லை. அதுதான் எனக்கு விசித்திரமாக இருக்கிறது. தட்டு பறக்கவில்லை, கதவு அறையப்படவில்லை. பேபி அக்காவிடம் சொன்னேன். "சத்தம் போட்டா சரியாப்பூடும். இதுங்க உள்ளயே வெச்சிக்கினு கீதுங்க, அது ஆவாது. பாரேன், அந்தப் பொண்ணு ஒரு நா பொட்டியத் தூக்கிக்கினு அவ ஊரப் பாக்கப் பூடும். அப்புறம் வராது" என்றாள். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்க நினைத்தேன். பேபி அக்காவும் வந்தவாசியிலிருந்து அப்படி ஒருநாள் வந்தவள்தான்.

மேடம் போய்விடக் கூடாது. வேலை போய்விடுமே என்பதற்காக மட்டும் எழுதவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிக்கூழ் ஊற்றினார்கள். ஒரு தூக்கில் எடுத்துப்போய் மேடத்துக்குக் கொடுத்தேன், கூடவே முருங்கைக்கீரைப் பொரியல். குடித்துவிட்டு 'கொச்சிசோசமா' என்றார். சாப்பிட்டு முடித்ததும் சமைத்தவருக்குச் சொல்வது. வெகுநாளைக்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு வார்த்தை. சார் அடுத்த அறையில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார். தலையைத் தூக்கிப் பார்த்ததை நான் பார்த்தேன். மேடம் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வீட்டில் ஒரு கூத்து. அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக் கிளம்பினார், பகல் காவல் வேலை ஒன்றைக் கேட்டுப் பார்க்க. நான் வெள்ளைச் சட்டையைப் பார்த்துவிட்டு "எங்கப்பா போற?" என்று கேட்டுவிட்டேன்.

அம்மா கரண்டியை வைத்துவிட்டாள். "கெளம்புற ஆள எங்கன்னு கேப்பாளாடி ஒருத்தி? போற காரியம் வெளங்குமா?"

அப்பா செருப்பைக் கழற்றி, உள்ளே வந்து உட்கார்ந்து, அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடியும் முதலில் இருந்து கிளம்பினார். இந்த முறை நான் வாயே திறக்கவில்லை. வேலை கிடைக்கவில்லை. அம்மா என்னைத் திட்டவும் இல்லை, பார்க்கவும் இல்லை. இனி யாரையும் எங்கே என்று கேட்கமாட்டேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய், மதியம்

என் வாயால் சொல்லிவிட்டேன்!

சார் போன பிறகு மேடம் குளித்து, தலைசீவி, நீலச்சட்டை போட்டுக்கொண்டு, தோளில் மாட்டும் ஒரு பையோடு வந்தார். கதவோரம் உட்கார்ந்து ஷூ மாட்டினார். எழுந்து உள்பக்கம் திரும்பினார். நான்தான் இருந்தேன், கையில் துடைப்பத்தோடு.

"இத்தெகிமாஸ்" என்றார்.

எங்கே என்று நாக்கில் வந்ததை விழுங்கினேன். விழுங்கின இடத்தில் மற்றது வந்துவிட்டது. "இத்தெராஷ்ஷாய்."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. மேடம் கண்ணை அகலத் திறந்து என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து வணங்கிவிட்டுப் போனார். சாயங்காலம் வந்ததும் ஒகாயெரியும் சொல்லிவிடுவேன். அம்மாவிடம் சொன்னால், பத்தாவது பாஸ் பண்ணினால்கூட இப்படிக் குதிப்பாயா என்பாள்.

அதே நாள்

மேடம் வரவில்லை.

சாயங்காலம் மாற்றுச்சாவியால் திறந்து காய் நறுக்கி வைத்தேன். ஏழு மணிக்கு சார் வந்தார். வீடு இருட்டாக இருப்பதைப் பார்த்து என்னிடம் மேடத்தின் பெயரைச் சொன்னார். பையை மாட்டிக்கொண்டு போனதைக் கையால் காட்டினேன். அலமாரியைத் திறந்து பார்த்தார். பாஸ்போர்ட் வைக்கும் உறை காலியாக இருந்தது. அவர் போனில் ஒரு செய்தி வந்திருந்தது. தமிழில் மாற்றி எனக்கும் காட்டினார். 'நான் பத்திரமாக இருக்கிறேன். தேட வேண்டாம்.' அவ்வளவுதான். அழைத்தால் மேடத்தின் போன் அணைந்திருக்கிறது.

எங்கே போகிறாள் என்று ஏன் கேட்கவில்லை என்று போன் வழியாகக் கேட்டார்.

கிளம்புகிறவரை எங்கே என்று கேட்டால் போகிற காரியம் கெட்டுப்போகும், அதனால் எங்களில் கேட்கமாட்டோம் என்று தட்டினேன். அவர் அதைப் படித்தார். மறுபடியும் படித்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் தேவலாம்.

எனக்கு வாய்த்த முதல் வார்த்தை, மேடத்தை அனுப்பி வைத்த வார்த்தையாகப் போய்விட்டது.

ஆகஸ்ட் 20, புதன்

அம்மா போகவேண்டாம் என்கிறாள். போலீஸ் வந்தால் கடைசியாகப் பார்த்தவளைத்தான் கேட்பார்களாம். "ஒரு ஆம்பள தனியா கீற வூட்டுல உனக்கு இன்னா வேல?" என்றும் கேட்டாள். பேபி அக்கா, தான் கூட வருவதாகச் சொல்லி, அம்மாவைச் சமாளித்துக் கூட்டிப்போனாள். அக்கா வாசலில் உட்கார்ந்து பூண்டு உரித்தாள். நான் உள்ளே வேலை செய்தேன்.

"நாந்தான் சொன்னேனே, அது அவ ஊருக்குப் பறந்திருக்கும்" என்றாள் அக்கா.

இல்லை என்றேன். போகும்போது என்ன சொல்லிவிட்டுப் போனார் என்று சொன்னேன்.

"எல்லாரும் வரேன்னுதான்டி சொல்லிட்டுப் போறாங்க. நானும்தான் வந்தவாசில சொல்லிட்டு வந்தேன்."

கம்பெனிக்குப் போகாமல் சார் ஹாலில் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் காபியை வைத்தேன். வைத்த கையோடு, அவர் முகத்தைப் பார்க்காமல், சொல்லிவிட்டேன். "யூகோ மேடம், இத்தெகிமாஸ்."

சார் நிமிர்ந்தார். போனில் தட்டிக் காட்டினார். 'அவள் அதை உன்னிடம் சொன்னாளா?'

ஆமாம் என்று தலையாட்டினேன். அது வெறும் பழக்கத்தில் வருகிற வார்த்தை, யோசித்துச் சொல்வதில்லை என்று அடுத்து எழுதிக் காட்டினார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, போனை அவர் கையிலிருந்தே வாங்கித் தட்டினேன். 'பழக்கம் என்றால் ஏன் இந்த வீட்டில் நின்றுபோயிற்று?'

தட்டி முடித்ததும் அழித்துவிடலாமா என்று பார்த்தேன். அதற்குள் அது அவர் மொழிக்குப் போய்விட்டது.

ஆகஸ்ட் 21, வியாழன்

சார் மூன்றாவது அறையின் பூட்டைத் திறந்திருக்கிறார். பெட்டி பிரிக்கப்படாமல் அப்படியே இருக்கிறது. அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். மஞ்சள் காலுறை ஒன்று அவர் கட்டைவிரலில் மாட்டியிருந்தது. நான் துடைக்காமல் திரும்பிவிட்டேன்.

பேபி அக்கா கேட்டாள், அந்த ஆள் அழறாரா என்று. தெரியாது என்றேன். முதுகுதான் தெரிந்தது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

சோறும் மோர்க்குழம்பும். மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடாதவர் இன்று சாப்பிட்டார். சத்தமில்லாமல் கைகூப்பிவிட்டுத்தான் எடுத்தார்.

மேடத்திடமிருந்து செய்தி இல்லை.

ஆகஸ்ட் 23, சனி

பகல் பதினொரு மணி இருக்கும். நான் அடுப்படியில் கீரை அலசிக்கொண்டிருந்தேன். பேபி அக்கா கீழே போயிருந்தாள். சார் ஹாலில். அழைப்பு மணி அடித்தது.

அடுப்படியிலிருந்து பார்த்தால் வாசல் நேராகத் தெரியும். சார் கதவைத் திறந்தார். வெளியே மேடம். மூக்கும் நெற்றியும் வெயிலில் கறுத்துத் தோல் உரிந்திருந்தது. அதே நீலச்சட்டை. அதே பை. பையின் வெளிப்பக்கத்தில் வண்ண மணல் அடைத்த சின்ன பிளாஸ்டிக் பொட்டலம் ஒன்று எட்டிப்பார்த்தது. எனக்கு அது தெரியும். பள்ளிச் சுற்றுலா போன பிள்ளைகள் கன்னியாகுமரியிலிருந்து வாங்கி வருவது. அதற்கு அப்பால் போவதற்கு ஊர் கிடையாது.

மேடத்திடம் சாவி இருக்கிறது. சாவி வைத்திருந்தும் மணியை அடித்திருக்கிறார்.

படியைத் தாண்டவில்லை. கையைத் தொடைமேல் வைத்துக் குனிந்து, "ஒஜாமா ஷிமாஸ்" என்றார்.

இந்த வார்த்தையை மூன்றாவது மாடி ஜப்பான் அம்மா ஒருவர் இங்கே வரும்போதெல்லாம் கேட்டிருக்கிறேன். செருப்பைக் கழற்றுமுன் சொல்வார். அடுத்தவர் வீட்டுக்குள் நுழைகிறவர் சொல்வது. உங்களுக்குத் தொந்தரவு தருகிறேன் என்று அர்த்தம். விருந்தாளியின் வார்த்தை. தன் வீட்டு வாசலில் நின்று ஒருவர் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

அதற்குப் பதில் 'தோசோ'. வாங்க, வாங்க என்பது. மேடம் அந்த அம்மாவுக்கு எப்போதும் அதைத்தான் சொல்வார். சார் 'தோசோ' என்று சொல்லிவிடுவாரோ என்று குழாயை மூடிவிட்டுக் கவனித்தேன். சொன்னால் மேடம் உள்ளே வருவார், நாற்காலி நுனியில் உட்கார்வார், தேநீர் குடிப்பார், மிச்சத் துணிமணியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

வேறொரு வார்த்தை என் வாய்க்குள் தயாராக இருந்தது. இந்த முறை நான் சொல்லியிருக்கலாம், எளிதாக வந்திருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டேன். அது என்னுடையது இல்லை.

சார் கதவுப் பிடியை விடவில்லை. கீரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும்.

"ஒகாயெரி" என்றார்.

மேடம் சொன்னதற்கு அது பதில் இல்லை. பொருந்தவே பொருந்தாது. மேடம் குனிந்தபடியே இருந்தார். தப்பாகக் கேட்டுவிட்டது போல் நின்றார். சார் மறுபடியும் சொன்னார், குரல் உடைந்து, முழுதாக வராமல். "ஒகாயெரி, யூகோ."

மேடத்தின் தோள் அசைந்தது. படியில் உட்கார்ந்து ஒரு ஷூவைக் கழற்றினார். உள்ளேயிருந்து மணல் கொட்டியது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சார் அவருக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, மற்ற ஷூவின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். அவிழ்க்கத் தெரியாதவர் மாதிரி அவ்வளவு மெதுவாக.

நான் திரும்பிக்கொண்டேன். ஒருவருக்கு ஊறவைத்திருந்த அரிசியில் இன்னொரு கை அள்ளிப் போட்டேன்.